வகீஹாவின் சம்மதம்

தஹ்தாவுக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே ஒருவனைப் பாதிரியாராக்குவது என்று ஊர் முடிவு செய்துவிட்டால், அப்புறம் அவன் தப்பிப்பது நடக்காத காரியம். "எனக்கு ஆசைதான்" என்று சொல்கிறவனை ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். பதவிக்கு அலைகிறான் என்று ஒதுக்கிவிடுவார்கள். "நான் தகுதியில்லாதவன், என்னை விட்டுவிடுங்கள்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறவன்தான் சரியான ஆள். எவ்வளவு மறுக்கிறானோ அவ்வளவு தாழ்மை. கண் கலங்கினால் இன்னும் விசேஷம். அந்தக் காலத்தில் ஓடி ஒளிந்தவர்களைத் தேடிப் பிடித்து இழுத்து வந்து பலிபீடத்துக்கு முன்னால் நிறுத்திய கதைகளை ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் ரசித்து ரசித்துச் சொல்வார்கள். நிஜமாகவே வேண்டாம் என்கிறவன் என்ன செய்வான் என்று மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை.

ரிஃபாத் அதில்தான் மாட்டிக்கொண்டான்.

பெரிய நோன்புக் காலத்தில் ஊர்ப் பாதிரியார் அபூனா பிஸாதா காலமானார். ஆண்கள் கூடிப் பேசி ஆயருக்கு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லி அனுப்பினார்கள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கிற ரிஃபாத். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறான், நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறான், எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. பாசிலிக்காகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பாசிலி அவனுடைய மகன். நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டான். அடக்கத்தன்று ரிஃபாத் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சின்னப் பெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே தோளில் சுமந்து போனான். மயங்கி விழுந்த பெண்களுக்குத் தண்ணீர் தெளித்தான், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கிடைத்ததா என்று விசாரித்தான். "ஆண்டவர் சித்தத்த இப்படி ஏத்துக்கணும்யா" என்று ஊரே வாயடைத்து நின்றது. அதற்குப் பிறகு எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் "ரிஃபாத்தப் பாத்துக் கத்துக்கோ" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். அவர்கள் சபையில் பாதிரியார்கள் குடும்பஸ்தர்கள்; மனைவி சம்மதிக்காமல் எந்த ஆயரும் ஒருவன் தலையில் கை வைத்துப் பாதிரியாராக்க மாட்டார். அதற்குக் காரணம் உண்டு. புருஷன் பாதிரியாரானால் மனைவிக்கும் பழைய வாழ்க்கை போச்சு. அவனுக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள், நாற்பது நாள் மடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், திரும்பி வருகிறபோது தாடியும் கருப்பு அங்கியுமாக ஊருக்குச் சொந்தமான மனிதன் ஒருவன் வருவான். அவளையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "தஸோனி" என்பார்கள், அதாவது சகோதரி. வாசல் கதவு சாத்தவே சாத்தாது. ஊரார் பாவத்தையெல்லாம் அவன் காதில் வாங்குவான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அதனால்தான் அவளைக் கேட்கிறார்கள்.

ரிஃபாத்தின் மனைவி வகீஹா. அந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் முதல் குலவை அவளுடையதுதான். ஆட ஆரம்பித்தால் மணப்பெண்ணை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்கள். பாசிலி போன பிறகு ரொம்ப நாள் வாய் திறக்காமல் கிடந்தவள், மகள் ஃபெப்ரோனியாவுக்காக மெல்ல மெல்ல எழுந்து மறுபடி சிரிக்கக் கற்றுக்கொண்டவள். பாடுபட்டுச் சம்பாதித்த சிரிப்பு அது.

அன்றைக்கு மொட்டை மாடியில் ரொட்டி மாவை உருட்டி வெயிலில் பொங்க வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாடியிலிருந்து ஷுக்ரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன தஸோனி, நீயேவா மாவு தட்டுற? ஒரு சத்தம் குடுத்தா ஊர்ப் பொம்பளைங்க நாங்க ஓடி வர மாட்டோமா?"

"இன்னும் ஒண்ணும் ஆகல ஷுக்ரியம்மா. வாய வச்சுக்கிட்டு கொஞ்சம் சும்மா இருங்க."

"ஆகாம எங்க போகும்? நேத்து எங்க வாஸெஃப் போய்ப் பேசுனாரு. உன் புருஷன் மூஞ்சி வெளுத்துப் போயி, 'என்னால முடியாதுண்ணே, நான் அதுக்கு லாயக்கில்ல'ன்னு கையப் புடிச்சுக் கெஞ்சுனாராம். எங்க ஆளு வீட்டுக்கு வந்து அழுவுறாரு, 'இவன்தான்டி நம்ம அபூனா'ன்னு. இன்னிக்கே கருப்புத் துணி எடுத்துத் தையக்காரன்கிட்ட குடுத்தாச்சு."

"அளவு யாரு குடுத்தா?"

"கண்ணாலயே எடுத்துட்டாரு. இன்னொண்ணு கேட்டுக்க. இனிமே கல்யாணத்துல இடுப்ப ஆட்டுறதெல்லாம் கட். அந்தச் சிரிப்பையும் கொஞ்சம் சுருக்கிக்க. ரயில்வே கேட்டு வரைக்கும் கேக்குது."

வகீஹா வேண்டுமென்றே ரயில்வே கேட்டைத் தாண்டிக் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கீழே இறங்கினாள். படியில் உட்கார்ந்து அழுதாள்.

அவளுக்குச் சம்மதமில்லை. கடுகளவுகூட இல்லை. ஆனால் புருஷனுக்கு ஆசை இருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஆயர் முதல் தடவை வந்தபோது ரிஃபாத் என்ன சொன்னான் என்பது ஊருக்கே தெரியும். "ஸய்யித்னா, வகீஹாவக் கேளுங்க. அவ வேண்டாம்னா வேண்டாம்தான்." இதற்கு வேறு என்ன அர்த்தம்? எனக்குத் தடையில்லை, அவள்தான் மிச்சம் என்றுதானே? ஆண்டவருக்கும் அவருடைய பலிபீடத்துக்கும் நடுவில் தான் ஒருத்திதான் குறுக்கே படுத்துக் கிடக்கிறோம் என்று நினைத்து நினைத்து மருகினாள். ஆயர் அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதனால் ஜெபம் செய்தாள். சுவரில் மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி நின்றுகொண்டு, "உம் சித்தம்போல ஆகட்டும்" என்று தொடங்குவாள். சொல்லி முடிக்கும் முன்பே ஒரு "ஆனா" வந்துவிடும். ஆனா ஃபெப்ரோனியா சின்னப் பிள்ளை. ஆனா எனக்குக் கோபம் ஜாஸ்தி, ஊர்ப் பொம்பளைகளோடு ஒத்துப்போகாது. ஆனா ஏற்கெனவே ஒருத்தனை எடுத்துக்கிட்டீரே, இன்னொருத்தரும் வேணுமா? இந்த இடத்தில் அவளுக்கே பயம் வந்து சிலுவைக் குறி போட்டுக்கொள்வாள். ஊரில் இருக்கிற மற்ற ஆண்களின் பெயர்களையும் ஆண்டவருக்கு எடுத்துச் சொன்னாள். ஒவ்வொருத்தனுக்கும் என்ன நல்ல குணம் என்றும் சொன்னாள். ஆண்டவர் ஏமாறுகிற மாதிரி தெரியவில்லை.

அப்போஸ்தலர் நோன்பு நடந்துகொண்டிருந்தது; இறைச்சிதான் கூடாது, மீன் சாப்பிடலாம். செவ்வாய்க்கிழமையன்று மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள். "சரி" என்றாள். "எடுத்துக்கும். நீர் என்ன கேட்டாலும் தர்றேன்." கூடவே வர வேண்டிய "ஆனா"வுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. ஒளி ஒன்றும் தெரியவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. கையெல்லாம் செதில் ஒட்டிக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அழுதாள். அழுது முடித்ததும் உடம்பு இலேசாக இருந்தது. பசித்தது.

மத்தியானம் ரிஃபாத் கடையிலிருந்து சாப்பிட வந்தான். மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீனும் ரொட்டியும் எடுத்து வைத்து, எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஜெபம் பண்ணி முடிச்சுட்டேன். வெள்ளிக்கிழமை ஸய்யித்னா கேட்டா, சம்மதம்னு சொல்லப் போறேன்."

அவன் எழுந்து வந்து தலையில் முத்தமிடுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அவன் ரொட்டித் துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டான்.

"நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றான்.

"என்னது?"

"கண்டிப்பா மாட்டேன்னுதான் சொல்லுவேன்னு நெனச்சேன். அத நம்பித்தான் உன்னக் கேக்கச் சொன்னேன்."

வகீஹாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் பொங்கிவிட்டாள். "அப்ப ஊரு முன்னாடி நான் கெட்டவ ஆகணும், நீங்க நல்லவரா உக்காந்துக்கணும். அதானே? தெனம் விளக்கேத்தி வச்சு உயிரக் குடுத்து அழுதுட்டு இருக்கேன் நான். வேண்டாம்னா வேண்டாம்னு நீங்களே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொல்லாமலா இருக்கேன்? வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்றேன். லாயக்கில்லன்னு சொன்னா கையில முத்தம் குடுக்கறான். முடியாதுன்னா கட்டிப் புடிச்சுட்டு அழுவுறான். போன வாரம் வாஸெஃபண்ணன்கிட்ட கோபமாவே கத்தினேன். 'ஆகா, பரிசுத்த கோபம்'ங்கறாரு. நான் என்னதான் பண்றது?"

வேறு சமயமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். "அப்படி என்ன பயம் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"பரமண்டல ஜெபத்துல அந்த வரி வரும்ல, உம்முடைய சித்தம் செய்யப்படுவதாகன்னு. அந்த எடத்துல நான் வாய மூடிக்குவேன். பாசிலி போனதுலேருந்து ஒரு தடவகூட சொன்னதில்ல. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறப்பவும் அவங்கள மட்டும் சொல்ல விட்டுடுவேன்."

கோயிலில் பெண்கள் பக்கத்தில் நிற்கிறவளுக்கு ஆண்கள் பக்கத்தில் யார் வாய் அசைகிறது என்று எப்படித் தெரியும்?

"அன்னிக்கு அடக்கத்துல நான் பொறுமையா இருந்தேன்னு ஊரே பேசுது. பொறுமையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உள்ள கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அழுதா, சரி எடுத்துக்கன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. அதான் அழல. எல்லாருக்கும் காப்பி குடுத்தேன். அவ்வளவுதான் நான் பண்ணது. நாளைக்கு ஒரு வீட்டுல ஒரு பிள்ள செத்தா, அந்தப் பெத்தவ முன்னாடி போய் நின்னு நான் என்ன சொல்லுவேன், வகீஹா?"

அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. "நீங்க கல்லாட்டம் நின்னதப் பாத்து, எனக்குத்தான் விசுவாசமில்லன்னு நெனச்சேன்" என்றாள். "உங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு குளிக்கிற ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவேன். இத்தன வருஷமும்."

"தண்ணிச் சத்தம் கேக்கும்" என்றான் அவன். "எனக்கு உள்ள வரத் தெரியல."

மீன் ஆறிப்போய்விட்டது. இருவரும் அதைத் தொடவில்லை. கடைசியில் ரிஃபாத்தான் கேட்டான். "நீ மாட்டேன்னு சொல்லிடுறியா? இது வெளிய தெரிஞ்சா பிள்ளைங்களுக்கு வேதபாடம் எடுக்கற மூஞ்சி எனக்கு இருக்காது."

அவள் சரி என்றுதான் தலையாட்டினாள். ஆனால் தட்டைக் கழுவுகிறபோது ஆண்டவரோடு சண்டை பிடித்தாள். இது எந்த ஊர் நியாயம்? புருஷனைக் கேட்டீர் என்று நினைத்து, ஈரக்குலையைப் பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி கொடுத்தேன். இப்போது பார்த்தால் நீர் கேட்கிறது அவரை இல்லை, என் பெயரை. பலிபீடத்தை மறித்தவள் என்று சாகிற வரைக்கும் சொல்வார்கள். என் மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவன்கூட அதைத்தான் முதலில் சொல்வான். அவ்வளவு சொல்லிவிட்டு, என்ன கேட்டாலும் தருகிறேன் என்று சொன்னது தன் வாய்தான் என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. முதல் சம்மதத்தைவிட இந்த இரண்டாவது ரொம்பக் கசந்தது.

வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் கூடத்தில் கூடினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆயர் வயதானவர், முழங்கால் வலிக்காரர், நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். தனியாகக் கேட்கலாம் என்றுதான் அவர் சொன்னார். வாஸெஃப்தான், "எதுக்கு ஸய்யித்னா தனியா? ஊரே சந்தோஷப்படட்டும்" என்று சொல்லி அவளைக் கூடத்தின் நடுவுக்கு வரவழைத்துவிட்டார். தைத்து முடித்த கருப்பு அங்கி அவர் மடியில் ஒரு பொட்டலமாக இருந்தது.

"மகளே, உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார் ஆயர்.

"இல்ல, ஸய்யித்னா. எனக்குச் சம்மதமில்ல."

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

"காரணம் சொல்லலாமாம்மா?"

"எனக்கு மனசில்ல. என் வீட்டுக்கு என் புருஷன் வேணும். வேற காரணம் இல்ல."

"கல்யாணத்துல ஆட முடியாதேன்னு பாக்குறா" என்று ஷுக்ரியம்மாவின் குரல் பின்னாலிருந்து நன்றாகவே கேட்டது. இன்னொருத்தி "பாவி" என்றாள். வகீஹா தலையைக் குனியாமல் நின்றாள். முகம் தீப்பட்ட மாதிரி எரிந்தது. சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் போங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். முந்தானை போல் தொங்கிய துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆண்கள் பக்கத்தில் நாற்காலி ஒன்று நகர்ந்தது. ரிஃபாத் எழுந்து நின்றிருந்தான்.

"அவ பொய் சொல்றா, ஸய்யித்னா. அவளுக்குச் சம்மதம்தான். செவ்வாய்க்கிழமையே எங்கிட்ட சொல்லிட்டா. வேண்டாங்கறது நான்தான். என்னைக் காப்பாத்தறதுக்காக இப்படிப் பேசறா." பிறகு மீன் தட்டுக்கு முன்னால் சொன்னது முழுவதையும் ஊருக்கு முன்னால் சொன்னான். வாய் மூடிக்கொள்கிற அந்த வரியைப் பற்றி. அழாததைப் பற்றி. காப்பியைப் பற்றி.

வாஸெஃபுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பாத்தீங்களா ஸய்யித்னா, என்ன தாழ்மை" என்றார்.

"தாழ்மை இல்லண்ணே" என்று ரிஃபாத் அவர் பக்கம் திரும்பினான். "கோபம். ஆண்டவர் மேல கோபம். தயவுசெஞ்சு இந்த ஒரு தடவையாவது நான் சொல்றத நம்புங்க."

வாஸெஃப் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அப்புறம் அதைக் கீழே வைத்தார். அவர் ரிஃபாத்தை நம்பியது அதுதான் முதல் தடவை.

ஆயர் ஒன்றும் உபதேசிக்கவில்லை. "பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டார்.

"பாசிலி."

"எனக்குப் பாசிலியத் தெரியாதே. எப்படி இருப்பான்? சொல்லு."

ரிஃபாத் வாயைத் திறந்தான். "எங்கூடக் கடைக்கு வருவான்" என்றான். "பழைய ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்துக்குவான். அதுதான் தன் வீடுன்னு..." அதற்கு மேல் வரவில்லை. இத்தனை வருஷமாக வராத அழுகை வந்தது, சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி, வாய் கோண, மூக்கு ஒழுக. அத்தனை ஆண்களுக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வகீஹா ஆண்கள் பக்கம் போகக் கூடாது என்பதையெல்லாம் யோசிக்கவில்லை. நேரே போய் அவனைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். இருவரும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்காக அழுதது அன்றைக்குத்தான்.

அவர்கள் அடங்கும் வரைக்கும் ஆயர் காத்திருந்தார். அப்புறம், பக்கத்து ஊர்ப் பாதிரியார் தற்போதைக்கு வந்து ஆராதனை நடத்துவார் என்றும், ரிஃபாத்தை இனி யாரும் இந்த விஷயமாகத் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அவ்வளவுதான். ரிஃபாத் பாதிரியார் ஆகவில்லை. வகீஹா தஸோனி ஆகவில்லை. அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஷுக்ரியம்மா. வகீஹா பதிலைத் தயாராக நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"ரிஃபாத் இருக்கானா?"

"ஃப்ரிட்ஜ் போச்சா?"

"அதெல்லாம் இல்ல." ஷுக்ரியம்மா தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய மூத்த மகள் நர்கீஸ் தலைப்பிரசவத்தில் போனவள். மகளைப் புதைத்த மறுநாளே அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டவள் ஷுக்ரியம்மா. "ஆண்டவர் சித்தம், நாம என்ன பண்ண முடியும்" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொன்னவள். இப்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நானும் அந்த வரியச் சொல்றதில்லடி. வாஸெஃபுக்குக்கூடத் தெரியாது. யார்கிட்ட போய் இதச் சொல்றது? அவன்கிட்ட கொஞ்சம் பேசணும்."

ஷுக்ரியம்மாவுக்குப் பின்னால், தெரு முனையில், பால்காரர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் மகன் போன வருஷம் கால்வாயில் மூழ்கிப் போனவன். இன்றைக்குப் பால் கேன் எதுவும் கொண்டு வரவில்லை. இங்கே பார்க்காத மாதிரி இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அங்கி இல்லை, தாடி இல்லை, ஆயர் இல்லை, சம்மதம் கேட்கிறவர் யாருமில்லை. அவள் எதற்குப் பயந்தாளோ அது தன் காலால் நடந்து வாசலுக்கே வந்துவிட்டது. இவள் போனால் அவர், அவர் போனால் இன்னொருத்தர். கதவு இனிச் சாத்தாது. நேற்றுத்தான் திரும்பக் கிடைத்த புருஷன். அவர் தூங்குகிறார், அப்புறம் வாருங்கள் என்று சொன்னால் ஷுக்ரியம்மா போய்விடுவாள். பிறகு ஒருநாளும் வர மாட்டாள், சாகிற வரைக்கும் வாய் திறக்கவும் மாட்டாள். பயமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

சாத்தியிருந்த இன்னொரு கதவையும் திறந்து விட்டாள்.

"உள்ள வாங்க ஷுக்ரியம்மா, டீ போடறேன். அந்தப் பால்காரரையும் கூப்பிடுங்க, எவ்வளவு நேரந்தான் வெயில்ல நிப்பாரு" என்றாள். பிறகு வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள். "என்னங்க, எந்திரிங்க. உங்களத்தான் கேட்டு வந்திருக்காங்க."